தொழிற்பயிற்சிக்குப் போகும் மகளும் வீட்டிலிருக்கும் நாமும்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவரும் வாரத்தில் எங்கள் கல்லூரி அலுவலகத்துக்கு இரண்டு விதமான பெற்றோர் வருவார்கள். உயர்தரத்தில் கலையா, வர்த்தகமா, விஞ்ஞானமா என்று கேட்க வருகிறவர்கள் ஒரு விதம். அவர்கள் கொஞ்சம் சத்தமாகவே பேசுவார்கள். மற்றவர்கள் மரத்தடியில் ஒதுங்கி நின்று, கூட்டம் கலைந்த பிறகு உள்ளே வருவார்கள். "டீச்சர், புள்ளைக்குக் கணக்குப் போயிட்டு. இனி என்ன செய்ற?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பாக இருப்பதால் இந்த இரண்டாவது கேள்வி என்னிடம்தான் வந்து சேரும்.

அவர்களுக்குப் பாடநெறிகளின் பெயர்களைச் சொல்லிவிடுவது எளிது. தையல், தகவல் தொழில்நுட்பம், வெதுப்பக உணவு, அழகுக்கலை, தாதிப் பராமரிப்பு உதவி, மின்னியல் என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றுதான் உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் தேவைப்படுகிறது. என் மகள் அங்கே காலையிலிருந்து மாலை வரை என்ன செய்வாள், யாரோடு இருப்பாள், அவளுக்கு ஒரு கஷ்டம் வந்தால் யாரிடம் போவாள் என்பதே அது. நான் கண்டவரை, பயிற்சியை இடையில் விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் வேலை பழகக் கடினம் என்பதால் விட்டவர்கள் அல்லர். அங்கே நடப்பது என்னவென்று வீட்டுக்குத் தெரியாமல், தெரியாதது பயமாகி, பயம் ஒரு நாள் "போதும், வீட்டில் இரு" என்ற சொல்லாகி நின்று போனவர்கள்.

இதில் பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இன்று எங்கள் வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகளின் தாய்மார் பலர் 1990 ஒக்டோபரில் சிறுமிகளாக இருந்தவர்கள், அல்லது அதன் பின் பிறந்தவர்கள். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலியிலிருந்தும் விடத்தல்தீவிலிருந்தும் கைப்பையோடு புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போனவர்கள் ஓலைக் கொட்டில்களில் படித்தார்கள். பலருக்கு அந்தப் படிப்பு அத்துடன் முடிந்தது. தான் ஒரு நாளும் காணாத கல்லூரி வாழ்க்கையை மகளுக்கு எப்படி ஒரு தாய் விளங்கப்படுத்துவாள்? ஆகவே இந்தக் கட்டுரையை மாணவிகள் தாங்கள் வாசித்ததோடு விட்டுவிடாமல் வீட்டில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் இந்தக் கல்விக்கு இருக்கும் மதிப்பைச் சொல்லியாக வேண்டும். சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்கள் போய் ஒதுங்கும் இடம் என்ற எண்ணம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. இலங்கையில் தொழில்நுட்பக் கல்வி 1893 இல் மருதானையில் தொடங்கிய அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலையிலிருந்து வருவது. நமது பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும்விட மூத்தது. இன்று தொழில்நுட்பக் கல்வி மற்றும் பயிற்சித் திணைக்களம், 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா என்று எல்லோரும் அழைக்கும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை ஆகியன நாடெங்கும் பயிற்சி நடத்துகின்றன. இவற்றுக்கு மேலே நின்று தரத்தைப் பார்ப்பது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு.

சான்றிதழ் எங்கே படித்தாலும் ஒரே ஏணியில் ஏறுவது. என்.வி.கியூ. என்று சுருக்கமாகச் சொல்லும் தேசிய தொழில் தகைமைக்கு ஏழு மட்டங்கள் உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ். 4 ஆம் மட்டம் என்றால் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்யக்கூடியவர் என்று பொருள். 5 உம் 6 உம் டிப்ளோமா. 7 பட்டத்துக்குச் சமம். இரத்மலானையில் யுனிவொடெக் என்று அழைக்கப்படும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2008 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. 4 ஆம் மட்டத்தோடு நிற்காமல் படிப்படியாக ஏறிவருகிற பிள்ளைகளுக்கும் பட்டத்துக்கு ஒரு வாசல் வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது அது. தையல் இயந்திரத்தின் முன் அமரும் பிள்ளைக்கும் பட்டத்துக்கு ஒரு பாதை போடப்பட்டிருக்கிறது என்பது நம் பெற்றோரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாடசாலையை விட்டுப் போகாமலே இந்தப் பாதையில் கால்வைக்கவும் வழி உண்டு. உத்தரவாதப்படுத்தப்பட்ட 13 வருடக் கல்வி என்ற திட்டத்தின் கீழ் 2017 முதல் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொழிற்பாடப் பிரிவு நடக்கிறது. சாதாரண தரத்தில் சித்தியா இல்லையா என்று பார்க்காமல் அதில் சேர்த்துக்கொள்வார்கள். வெளியே அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் முதலில் இதை விசாரித்துப் பார்க்கலாம்.

இனி, உள்ளே நாள் எப்படிப் போகிறது?

பாடசாலையிலிருந்து போகும் பிள்ளைக்கு முதலில் விளங்காமல் போவது மணியடிப்பதும் நாற்பது நிமிடப் பாடமும் அங்கே இல்லை என்பது. ஒரே வேலையை நாள் முழுவதும் செய்ய வேண்டியிருக்கும். ஒரு கொலரைத் தைத்துப் பிரித்து மறுபடி தைக்கும் பிள்ளை மாலையில் வீட்டுக்கு வந்து, "இன்றைக்கு ஒன்றும் படிக்கவில்லை" என்று சொல்வாள். வாப்பாவும் அதை நம்பிவிடுவார். எழுதிய பக்கங்களை வைத்துப் படிப்பை அளக்கும் நமது பழக்கம் இங்கே பொருந்தாது. கொப்பியைக் கேட்பதற்குப் பதிலாக, செய்ததைக் காட்டு என்று கேளுங்கள்.

புள்ளிகளும் அப்படித்தான். வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்ற கேள்விக்கு அங்கே பதிலில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் தேசியத் திறன் நியமம் என்று ஒன்று எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அதில் உள்ள வேலையைப் பிள்ளை சரியாகச் செய்கிறாளா என்று பார்ப்பார்கள். செய்தால் தேர்ச்சி பெற்றவர். செய்யாவிட்டால் "இன்னும் தேர்ச்சி பெறவில்லை". தோல்வி என்ற சொல்லை அவர்கள் பாவிப்பதில்லை. இது வெறும் சொல் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். மீண்டும் பழகி மீண்டும் மதிப்பீட்டுக்கு வரலாம் என்பதே அதன் கருத்து. இறுதி மதிப்பீட்டுக்கு வெளியிலிருந்து பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் வருவார், ஆகவே போதனாசிரியருக்குப் பிடித்த பிள்ளை, பிடிக்காத பிள்ளை என்ற கதைக்கும் அங்கே இடம் குறைவு. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு பயிற்சிப் பதிவேடு இருக்கும். மாதத்துக்கு ஒரு முறை அதை வாங்கிப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத உம்மாவுக்கும் ஒப்பம் இருக்கிற இடமும் இல்லாத இடமும் தெரியும்.

உடுப்பைப் பற்றி எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். பட்டறையிலும் சமையற்கூடத்திலும் தையற்கூடத்திலும் சுழலும் இயந்திரங்கள் உண்டு. தொங்கும் துணி எதுவானாலும் ஆபத்துத்தான், அது ஆண்பிள்ளையின் நீளச் சட்டைக் கையாக இருந்தாலும் ஒன்றுதான். போதனாசிரியர் ஹிஜாபை உள்ளே செருகச் சொன்னால் அதைக் கழற்றச் சொன்னார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டிலேயே இரண்டு தீர்வுகள் இருக்கின்றன. தொங்கல் இல்லாத, தலையோடு ஒட்டிய பருத்தி ஹிஜாப் ஒன்று. மணிக்கட்டில் இறுகும் கையுடைய மேலங்கி ஒன்று. அடுப்புக்கும் ஒட்டுவேலைத் தீப்பொறிக்கும் முன்னால் நைலோன் துணி வேண்டவே வேண்டாம், அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

பிள்ளை வீட்டிலிருந்து போய்வருவதானால் முதல் சோதனை பாதைதான். எருக்கலம்பிட்டி, தாராபுரம் பிள்ளைகளுக்கு மன்னார் நகரம் பக்கம். மறிச்சுக்கட்டி, கொண்டச்சிப் பக்கமிருந்து சிலாவத்துறை வழியாக வந்து, பாலம் கடந்து தீவுக்குள் நுழைய வேண்டிய பிள்ளைக்கு ஒரு பஸ் தவறினால் அந்த நாளே தவறிய மாதிரி. பருவச்சீட்டு பற்றிப் பயிற்சி நிலையத்திலும் டிப்போவிலும் முதல் வாரத்திலேயே கேளுங்கள். பஸ்ஸில் எவனாவது தொந்தரவு செய்தால் பிள்ளை அதை வீட்டில் சொல்லக்கூடியவளாக இருக்க வேண்டும். சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் வாய்மூடி இருக்கும் பிள்ளைகளை நான் அறிவேன். தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு, 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பின், பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. தண்டிக்கப்பட வேண்டியவன் அவன். படிப்பை இழப்பவள் இவளாக இருக்கக் கூடாது.

விடுதியில் நின்று படிப்பது வேறு கதை. நமக்குக் கிட்டிய பெரிய உதாரணம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம். ஜேர்மனியின் உதவியோடு 2016 இல் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கும் அதே சூழல். மோட்டார் வாகனம், இயந்திரவியல், மின்னியல், கட்டட நிர்மாணம், உணவுத் தொழில்நுட்பம், தகவல் தொழில்நுட்பம் முதலிய துறைகளில் டிப்ளோமா மட்டம் வரை போகலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் விடுதிகள் உண்டு. மன்னாரிலிருந்து வவுனியா வழியாகவும் போகலாம், பூநகரி வழியாகவும் போகலாம். தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கிற இடம்.

இப்படியான இடத்துக்கு அனுப்புகிற குடும்பத்துக்கு என் ஆலோசனை, சேர்க்கும் நாளில் பெட்டியை இறக்கிவிட்டு அவசரமாகத் திரும்ப வேண்டாம் என்பதே. விடுதிப் பொறுப்பாளரைச் சந்தியுங்கள். வாப்பா மட்டும் போய் வாசலில் நின்று பேசாமல் உம்மாவும் உள்ளே போய்ப் படுக்கை, குளியலறை, சாப்பாட்டு இடம் எல்லாம் பார்த்துவிட்டு வரட்டும். மகள் எந்த இடத்தில் படுக்கிறாள் என்று கண்ணால் கண்ட தாய் இரவில் நிம்மதியாக உறங்குவாள். தொழுகைக்கு இடம், ஹலால் சாப்பாடு, நோன்பு காலத்தில் சஹர் உணவு ஆகியவற்றை அன்றைக்கே நேரடியாகக் கேட்டுவிடுங்கள். நோன்பு தொடங்கிய பிறகு தொலைபேசியில் சண்டைபிடிப்பதைவிட இரண்டு மாதம் முந்திக் கேட்பது நல்லது. கேட்டால் பெரும்பாலும் ஏதோ ஒரு வழி செய்துகொடுப்பார்கள். கேட்காவிட்டால் யாருக்கும் நினைவே வராது.

முதல் மூன்று வாரங்கள் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடுதியை விட்டு வரும் பிள்ளைகள் அநேகமாக அந்தக் காலத்தில்தான் வருகிறார்கள். முதல் வாரத்தில் எல்லாம் புதினமாக இருக்கும். இரண்டாம் வாரத்தில் அழுகை தொடங்கும். சாப்பாடு சரியில்லை, தண்ணீர் உப்பு, அறையில் இருக்கும் பிள்ளை பேசுவதில்லை என்று இரவு பத்து மணிக்கு அழைப்பு வரும். மறுமுனையில் உம்மாவும் சேர்ந்து அழுவார். விடியும்போது நானா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஏற்றிவந்துவிடுவார். இது மூன்று நான்கு முறை என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி பிறகு என்னிடம், "டீச்சர், நான் அழுதது கூட்டிட்டுப் போகச் சொல்லி இல்ல, சும்மா சொல்லணும் போல இருந்திச்சு" என்றாள். அவள் பேச வேண்டியிருந்தது, வீட்டில் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே அழும் பிள்ளையிடம் முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேளுங்கள். உனக்குக் கவலையா, அல்லது உனக்குப் பயமா? கவலை என்றால் பேசவிடுங்கள், வெள்ளிக்கிழமை வரட்டும் என்று சொல்லுங்கள், வீட்டில் நடக்கும் சின்னச் சின்னச் செய்திகளைச் சொல்லுங்கள். பயம் என்றால் யாருக்குப் பயம், எப்போது, எங்கே என்று அமைதியாகக் கேட்டு அன்றைக்கே பொறுப்பாளருடன் பேசுங்கள். கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தடைசெய்ய 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பகிடிவதையைப் "பழகுவதற்காகச் செய்வது" என்று எவராவது சொன்னால் ஏற்க வேண்டாம். கவலைக்குப் பயத்தின் மருந்தும், பயத்துக்குக் கவலையின் மருந்தும் கொடுப்பதில்தான் எங்கள் வீடுகளில் அதிகமான குழப்பம் நடக்கிறது.

உறக்கமில்லாமை, சாப்பிடாமை, யாரோடும் பேசாமை என்று வாரக்கணக்கில் நீண்டால் அது வீட்டு நினைவு மட்டுமாக இருக்காது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பெண்களுக்கான உதவிக்கு 1938. இந்த இரண்டையும் பிள்ளையின் தொலைபேசியிலும் உங்கள் தொலைபேசியிலும் பதிந்துவைத்தால் யாருக்கும் ஒரு குறைவும் வந்துவிடாது.

இப்போது பெற்றோர் அதிகம் அஞ்சும் கட்டத்துக்கு வருகிறேன். பல பாடநெறிகளில் முதல் ஆறு மாதம் நிலையத்தில். அடுத்த ஆறு மாதம் ஒரு நிறுவனத்தில், கடையில், வைத்தியசாலையில், தொழிற்சாலையில் தொழிலிடப் பயிற்சி. நிலையத்துக்கு ஒழுங்காகப் போய்வந்த பிள்ளையை இந்த இடத்தில்தான் மறிக்கிறார்கள். "படிக்கத்தானே அனுப்பினோம், இவளை வேலைக்கு ஏன் அனுப்புகிறார்கள்? சம்பளமும் இல்லையே" என்பார்கள். இந்த ஆறு மாதத்தை விட்டால் பாடநெறி முடிந்ததாகாது. முதல் ஆறு மாதமும் வீணாகிவிடும்.

தொழிலிடப் பயிற்சி நம்மைச் சுரண்டுவதற்காகக் கண்டுபிடித்த ஒன்றல்ல. ஜேர்மனியில் தொழில் பழகும் இளைஞர் வாரத்தில் சில நாட்கள் நிறுவனத்திலும் மீதி நாட்கள் தொழிற்பாடசாலையிலும் இருப்பார். இரட்டை முறை என்பார்கள். பெரும்பாலும் மூன்று வருடம், சில தொழில்களுக்கு மூன்றரை வருடம். 1969 இல் இதற்கென்று தனிச் சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விடயம், பழகுபவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரானால் பயிற்சி ஒப்பந்தத்துக்கு அவருடைய பெற்றோரின் சம்மதமும் வேண்டும். பெற்றோர் வெளியில் நின்று பயப்படுபவர்கள் அல்லர், ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு. நம் நாட்டில் ஒப்பமிடச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நாமும் அப்படி நடந்துகொள்ளலாம் அல்லவா?

அதாவது, மறிப்பதற்குப் பதிலாகப் போய்ப் பாருங்கள். எந்த நிறுவனம், எந்தத் தெரு, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, அங்கே வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா, கழிப்பறை இருக்கிறதா, மேற்பார்ப்பவர் யார், பயிற்சி நிலையத்திலிருந்து எவர் வந்து பார்ப்பார் என்பனவற்றைத் தொடங்கும் முன்னரே கேட்கலாம். அதில் தவறில்லை, மரியாதைக் குறைவும் இல்லை. இடம் சரியில்லை என்று தோன்றினால் போதனாசிரியரிடம் சொல்லி வேறு இடம் கேட்கலாம். ஒரு பிள்ளை பயிற்சிக்குப் போன கடையில் ஆறு வாரமாகத் தேநீர் ஊற்றவும் தரை கூட்டவும் விட்டிருந்தார்கள். அவளுடைய உம்மா பதிவேட்டைத் திறந்து பார்த்து, ஒரு வேலையும் எழுதப்படாமல் இருப்பதைக் கண்டு, நிலையத்துக்கு நடந்துபோய்க் கேட்டார். அடுத்த வாரமே இடம் மாற்றிக்கொடுத்தார்கள். அந்த உம்மா ஆறாம் வகுப்புவரை படித்தவர்.

பணத்தைப் பற்றி. அரச நிலையங்களில் முழுநேரப் பாடநெறிகள் பெரும்பாலும் கட்டணமில்லாதவை. பயிற்சிக் கொடுப்பனவு இருக்கிறதா, யாருக்குக் கிடைக்கும் என்பதைச் சேரும்போதே கேளுங்கள், ஏனென்றால் இந்த ஒழுங்குகள் காலத்துக்குக் காலம் மாறும். ஆனாலும் செலவே இல்லை என்று நினைக்கக் கூடாது. பாதணி, மேலங்கி, துணி, நூல், பஸ், மதியச் சாப்பாடு என்று மாதமாதம் போகும். இதை முன்கூட்டியே கணக்குப் பார்க்காத வீட்டில் நான்காம் மாதத்தில் பிள்ளைக்குக் கேட்க வெட்கம் வரும். கேட்க வெட்கப்பட்டுப் போகாமல் விடும் பிள்ளைகளும் உண்டு.

தனியார் நிறுவனங்கள் எல்லாம் கூடாதவை என்று நான் சொல்ல மாட்டேன், நல்லவையும் இருக்கின்றன. எனினும் பணம் கட்டும் முன் இரண்டு விடயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுசெய்யப்பட்டதா? உங்கள் மகள் படிக்கப்போகும் அந்தப் பாடநெறி தரஅங்கீகாரம் பெற்றதா? முதலாவதுக்கு ஆம் என்று சொல்லி இரண்டாவதை மழுப்புவார்கள். எங்கள் பழைய மாணவி ஒருத்தி ஒரு வருடம் பணம் கட்டிப் படித்து அழகான தங்க எழுத்துச் சான்றிதழோடு வந்தாள். அதில் என்.வி.கியூ. மட்டம் எதுவும் இல்லை. வேலைக்கான நேர்முகத்தில் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டார்கள். தாயின் வளையலை அடகுவைத்துக் கட்டிய பணம் அது.

எந்தத் தொழில் என்ற கேள்வியில் நான் பெற்றோரோடு கொஞ்சம் முரண்படுவதுண்டு. பெண்பிள்ளை என்றால் தையல் என்று முடிவுசெய்துவிட்டுத்தான் பலர் வருகிறார்கள். தையல் நல்ல தொழில். வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் ஒரு தெருவில் பதினைந்து தையற்காரிகள் இருந்தால் பதினாறாவது பிள்ளைக்குப் பெருநாளைக்கு மட்டும்தான் வேலை வரும். தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைகளை எல்லோரும் பார்க்கிறோம். முப்பது கோபுரங்கள், 103.5 மெகாவாற்று. அவை 2020 இறுதியில் இயங்கத் தொடங்கின. நம் பிள்ளைகளுக்கு அவை படம் எடுக்கும் இடம் மட்டும்தான். மின்னியல், குளிரூட்டல், கணினி வலையமைப்பு, உணவு பதனிடல் என்று இந்தக் கரையோரத்துக்குத் தேவையான தொழில்கள் இருக்கின்றன. பெண்கள் வீட்டுக்குள் நுழைந்து மின்சார வேலை செய்ய ஒரு பெண் இருந்தால் நம் ஊரில் எத்தனை உம்மாமார் நிம்மதி அடைவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். பெண் ஒருத்தியைத் தேடும் வேலைகள் அதனாலேயே ஆளில்லாமல் கிடக்கின்றன.

கலியாணப் பேச்சு வருவதும் உண்டு. பயிற்சி ஒரு வருடம், ஒன்றரை வருடம். வரன் வந்தால் பேசுங்கள், நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டாரிடம், இன்ன மாதத்தில் மகளுடைய மதிப்பீடு, அது முடிந்த பிறகு நாள் வைப்போம் என்று சொல்ல முடியாதா? மண்டபத்துக்கு நாள் பார்க்கிறோம், வெளிநாட்டு நானாவின் லீவுக்கு நாள் பார்க்கிறோம். மகளின் மதிப்பீட்டுத் திகதியையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இடையில் நின்ற பிள்ளைக்குக் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. முடித்த பிள்ளை புகுந்த வீட்டுக்குப் போனாலும் புத்தளத்துக்குப் போனாலும் சான்றிதழ் அவளோடு போகும்.

புத்தளம் என்றதும் ஒன்று நினைவு வருகிறது. எங்கள் குடும்பங்கள் பலவற்றுக்கு இரண்டு முகவரிகள், அங்கே ஒரு வீடு, இங்கே ஒரு வீடு. விண்ணப்பத்தில் ஒரு முகவரி, கிராம அலுவலர் சான்றிதழில் இன்னொரு முகவரி என்று இருந்தால் பிறகு கொடுப்பனவுக்கும் பருவச்சீட்டுக்கும் அலைய வேண்டிவரும். முகவரி எது என்று வீட்டில் முதலில் தீர்மானியுங்கள். பெயரும் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே ஒவ்வொரு எழுத்தும் இருக்கட்டும். ஒரு எழுத்துப் பிழையோடு அச்சாகும் சான்றிதழைத் திருத்த எடுக்கும் நேரத்தில் இன்னொரு பாடநெறியே படித்துவிடலாம்.

தாய்மாருக்கென்று கடைசியாக ஒரு செய்தி. இருபது வருடமாக அயலவருக்குச் சட்டை தைத்துக்கொடுக்கும் உம்மா ஒருவர் வகுப்பில் உட்கார்ந்து படிக்காமலே என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். முன்கற்றல் அங்கீகாரம் என்று பெயர். செய்த வேலைகளுக்கான சான்றுகளைச் சேர்த்து விண்ணப்பித்து, மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்து காட்ட வேண்டும். இடம்பெயர்ந்த காலத்தில் பழகிய கை வேலைக்கும் இது பொருந்தும். மகளுக்கு விண்ணப்பம் எடுக்கப் போகும் நாளில் உங்களுக்கும் ஒன்று கேளுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் அல்லது நைட்டா அலுவலகத்தில் விசாரிக்கலாம், பிரதேச செயலகத்தில் தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரும் வழிகாட்டுவார். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலர் சான்றிதழ், பாடசாலை விடுகைச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப்பிரதியும் நிழற்பிரதிகளும் கையில் இருந்தால் இரண்டாம் முறை பஸ் ஏற வேண்டியதில்லை.